இளைஞர் வழிகாட்டல் அமைப்புக்கு இயக்குநர் குழு: அமைப்பதும் நடத்துவதும்

அரசுப் பள்ளி மாணவருக்கோ, கல்லூரி முதலாண்டில் தடுமாறும் பிள்ளைக்கோ ஒரு பெரியவரைத் துணை சேர்த்துவிடும் அமைப்புகள் இந்தியாவில் பெருகிவருகின்றன. 2009இல் பெங்களூரில் தொடங்கிய மென்டர் டுகெதர் இவ்வகையில் முன்னோடிகளில் ஒன்று. ஓர் ஊரில் முப்பது தன்னார்வலர்களோடு நடக்கும்வரை இயக்குநர் குழு என்பது காசோலையில் கையெழுத்துப் போடும் நாலு பேர்தான். நாலைந்து மாநிலங்களுக்குப் பரவியதும் அது போதாமல் போகிறது. அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதே இந்தக் கையேடு.

சாப்பாடு போடும் அமைப்பு இலையை எண்ணினால் கணக்கு முடிந்தது. வழிகாட்டல் அமைப்பு அப்படி எண்ண முடியாது. இன்று எத்தனை பேரை இணைத்தோம் என்பதைவிட, சென்ற ஆண்டு இணைத்தவர்களில் எத்தனை பேர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே இங்கே கணக்கு. அமெரிக்காவின் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பைப் பற்றி 1995இல் வந்த ஆய்வு, 10 முதல் 16 வயது வரையிலான 959 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தது. வழிகாட்டி கிடைத்த பிள்ளைகள் போதைப் பொருளைத் தொடத் தொடங்குவது 46 சதவீதம் குறைவாக இருந்தது. அதே அமைப்பின் தரவை அலசி 2002இல் ஆய்வாளர்கள் கிராஸ்மேனும் ரோட்ஸும் வெளியிட்ட கட்டுரையில்தான் இன்னொரு பக்கம் தெரியவந்தது. ஒரு வழிகாட்டியும் ஒரு மாணவரும் சேர்ந்தது ஓர் இணை. ஓராண்டைத் தாண்டிய இணைகளில் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் அறுந்த இணைகளில் இருந்த பிள்ளைகளின் தன்மதிப்போ, வழிகாட்டியே கிடைக்காத பிள்ளைகளைவிடச் சரிந்திருந்தது. பாதியில் விட்டுப்போகும் வழிகாட்டி, வராமலே இருந்திருக்கலாம். இயக்குநர் குழுவில் யார் உட்கார வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்தே பிறக்கின்றன.

சட்ட உருவம்

பல மாநிலங்களில் வேலை செய்யப்போகும் அமைப்புக்கு, 2013 கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிவாகும் லாபநோக்கற்ற கம்பெனிதான் வசதி. சங்கப் பதிவு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தமிழ்நாட்டுக்கு 1975ஆம் ஆண்டுச் சட்டம் தனி. அறக்கட்டளையில் அறங்காவலரை மாற்றுவதே பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பல பத்திரங்களில் நிறுவனரின் குடும்பம் ஆயுள் முழுக்க உட்கார்ந்திருக்கும். 8ஆம் பிரிவுக் கம்பெனியில் இயக்குநர் வருவதும் போவதும் பொதுப் பதிவேட்டில் தெரியும். பெரிய கொடையாளர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

ஏற்கெனவே அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ நடந்துவருகிறீர்கள் என்றால் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். கீழே சொல்வதை விதிமுறையாக எழுதி, குழுத் தீர்மானமாக நிறைவேற்றிக்கொண்டால் பெரும்பகுதி நடந்துவிடும்.

யார் யார்

ஒன்பது பேர் சரியான எண்ணிக்கை. ஐந்து பேர் என்றால் இருவர் வெளியூர் போனதும் கூட்டம் நொண்டும். பதினைந்து பேர் என்றால் பேசுவது நால்வர்தான், மற்றவர்கள் கேமராவை அணைத்துவிட்டு மின்னஞ்சல் பார்ப்பார்கள்.

சமூகப் பணியிலோ இளைஞர் மனநலத்திலோ களத்தில் வேலை செய்தவர் இருவர். சார்ட்டர்டு அக்கவுன்டன்ட் ஒருவர். அமைப்பின் கணக்கைத் தணிக்கை செய்யும் ஆடிட்டர் இவராக இருக்கக் கூடாது. குழந்தைகள் தொடர்பான வழக்கு நடத்திய வழக்கறிஞர் ஒருவர். நிறுவனச் சட்டம் மட்டும் தெரிந்த வழக்கறிஞர் இந்த இடத்துக்கு உதவமாட்டார், நெருக்கடி நாளில் அவரே வேறொருவருக்குப் போன் செய்வார். பள்ளிக் கல்வித் துறை எப்படி நகர்கிறது என்று உள்ளிருந்து பார்த்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அல்லது அலுவலர் ஒருவர். பெரிய அளவில் ஆட்களைச் சேர்த்து, தக்கவைத்த அனுபவம் உள்ளவர் ஒருவர். நிதி திரட்டத் தெரிந்தவர் ஒருவர்.

மீதி இரண்டு இடம், இதே திட்டத்தில் மாணவராக இருந்து வெளியே வந்த இளைஞர்களுக்கு. இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதில், வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்களாக இருக்கட்டும். ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் ஆண்டறிக்கைப் புகைப்படத்துக்கு மட்டும் பயன்படுவார். எதிரே ஐம்பது வயதுக்காரர்கள் ஆங்கிலத்தில் பேசும்போது தனியாள் வாய் திறப்பது கடினம். இருவர் இருந்தால் ஒருவரை ஒருவர் பார்த்துத் துணிவார்கள். “அந்த நம்பர் அப்பாவோடது, அவர் வேலைக்குப் போயிட்டா ராத்திரிதான் கிடைக்கும்” என்பது போன்ற ஒரு வாக்கியம் இவர்களிடமிருந்துதான் வரும். தினமும் மாலை ஐந்து மணிக்கு அழைத்துவிட்டு “மாணவர் பதிலளிக்கவில்லை” என்று எழுதிக்கொண்டிருந்த அறிக்கையின் அர்த்தம் அப்போதுதான் குழுவுக்கு விளங்கும்.

ஒன்பதில் நால்வராவது பெண்களாக இருக்கட்டும். ஒரே ஊர்க்காரர்கள் பாதிக்கு மேல் வேண்டாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நண்பரை இயக்குநராக்க ஆசை வரும். வெளிநாட்டு நிதிக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு கேட்கும்போது அது கேள்வியைக் கிளப்பும். அவரை ஆலோசகராக வைத்துக்கொள்ளலாம். பிரபலங்களுக்கும் இதே வழி: ஆலோசனைக் குழு என்று தனியாக ஒன்று வைத்து, வாக்குரிமை இல்லாமல் ஆண்டுக்கு ஒருமுறை அழையுங்கள்.

சேர்க்கும் முறை

“சாருக்கு நல்ல மனசு, சேர்த்துக்கலாம்” என்று சேர்ப்பதுதான் வழக்கம். அப்படி வந்தவரைப் பின்னால் அனுப்பவே முடியாது. வரிசையாக இப்படிச் செய்யுங்கள்: முதலில் குழுவில் என்ன திறமை குறைகிறது என்று எழுதுங்கள். அதற்கேற்ற மூன்று பேரையாவது பாருங்கள். ஒவ்வொருவரோடும் இருவர் தனித்தனியே பேசுங்கள். பிறகு ஒரு கூட்டத்துக்குப் பார்வையாளராக அழையுங்கள். ஒரு நாள் களத்தில் ஒருங்கிணைப்பாளரோடு இருக்கச் சொல்லுங்கள். களத்துக்கு நேரமில்லை என்பவர் கூட்டத்துக்கும் நேரமில்லை என்பார்.

தன்னார்வலருக்கு நடக்கும் போலீஸ் சரிபார்ப்பு இயக்குநருக்கும் நடக்க வேண்டும், விதிவிலக்கே கிடையாது. தலைவரே முதல் ஆளாகக் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் முகம் சுளிக்கமாட்டார்கள்.

நியமனக் கடிதத்தில் இவை இருக்கட்டும்: பதவிக்காலம் மூன்று ஆண்டு, அதிகபட்சம் இரண்டு முறை, ஆண்டுக்கு நான்கு கூட்டம், ஒரு குழுப் பொறுப்பு, இரண்டு நாள் களப்பயணம், ஊதியமில்லை, பயணச் செலவு உண்டு. மூன்று ஆண்டு எல்லாருக்கும் ஒரே நாளில் முடியக் கூடாது. தொடக்கத்தில் மூவருக்கு ஒன்று, மூவருக்கு இரண்டு, மூவருக்கு மூன்று ஆண்டு என்று கொடுத்தால், பிறகு ஆண்டுதோறும் மூவர் மட்டுமே மாறுவார்கள். வராத இயக்குநரைப் பற்றிக் கம்பெனிகள் சட்டமே ஒரு வழி சொல்கிறது: பன்னிரண்டு மாதம் ஒரு கூட்டத்துக்கும் வராவிட்டால், விடுப்புச் சொல்லியிருந்தாலும் 167ஆம் பிரிவின்படி பதவி காலியாகிவிடும். கடிதத்தில் இதையும் ஒரு வரி சேர்த்துவிட்டால் பின்னால் மனத்தாங்கல் இல்லை.

கூட்டம்

8ஆம் பிரிவுக் கம்பெனிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கூட்டம் சட்டப்படி போதும். வழிகாட்டல் அமைப்புக்கு அது போதாது. மூன்று மாதத்தில் ஒரு மாநிலமே கைவிட்டுப் போய்விடலாம். நான்கு கூட்டம் வையுங்கள்: ஜூலை, அக்டோபர், ஜனவரி, ஏப்ரல். குறைந்தபட்ச வருகை சட்டத்தில் எட்டுப் பேர் அல்லது கால்பங்கு, இதில் எது குறைவோ அது. ஒன்பது பேர் குழுவுக்கு மூவர் என்று கணக்கு. உங்கள் விதிமுறையில் ஐவர் என்று எழுதிக்கொள்ளுங்கள். மூவர் எடுத்த முடிவை மீதி ஆறு பேர் மதிப்பதில்லை.

கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே ஆவணம் போய்ச்சேர வேண்டும். பத்துப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பக்கத்தில் பணம் வேண்டாம், இணைகளின் நிலை இருக்கட்டும்.

அதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு மாநிலங்கள், சென்ற ஜூனில் தலா 200 இணைகளைத் தொடங்கின என்று வைத்துக்கொள்வோம். முதல் மாநிலத்தில் ஓராண்டு கழித்து 150 தொடர்கின்றன, புதிதாக யாரையும் சேர்க்கவில்லை. இரண்டாவதில் 80தான் தொடர்கின்றன, ஆனால் இடையில் 120 புது இணைகளைச் சேர்த்துவிட்டார்கள். “நடப்பில் உள்ள இணைகள்” என்று அறிக்கை வந்தால் முதலாவது 150, இரண்டாவது 200. குழு இரண்டாவதைப் பாராட்டிவிட்டு முதலாவதிடம் ஏன் குறைந்தது என்று கேட்கும். உண்மையில் இரண்டாவது மாநிலத்தில் 120 பிள்ளைகள் ஒரு வருடத்துக்குள் கைவிடப்பட்டிருக்கிறார்கள். ஆகவே அறிக்கையில் தொடங்கிய மாதத்தை வைத்துக் கணக்குக் கேளுங்கள்: அந்த மாதம் தொடங்கியவை இத்தனை, மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் எஞ்சியவை இத்தனை. இந்த நான்கு எண்களைத் தராத மென்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம், எக்செல் போதும்.

அதே பக்கத்தில் இன்னும் சில: இந்தக் காலாண்டில் முறிந்த இணைகள், காரணத்தோடு, முப்பது நாளாக ஒருங்கிணைப்பாளர் பேசாத இணைகள், சரிபார்ப்பு முடியாமல் நிற்கும் தன்னார்வலர்கள், காத்திருக்கும் மாணவர்கள், ஒரு ஒருங்கிணைப்பாளருக்கு எத்தனை இணைகள். கடைசி எண் எண்பதைத் தாண்டினால் அடுத்த காலாண்டில் முறிவு கூடும் என்று எதிர்பார்க்கலாம். அமெரிக்காவின் மென்டர் அமைப்பு வெளியிடும் நடைமுறைத் தரநிலைகள் முதல் மாதத்தில் இரண்டு முறையும் பிறகு மாதம் ஒரு முறையும் ஒவ்வொரு இணையோடும் பேசச் சொல்கின்றன. வழிகாட்டியிடம் தனியாக, மாணவரிடம் தனியாகப் பேச வேண்டும். எண்பது இணை என்றால் மாதம் 160 உரையாடல். அதற்கு மேல் கொடுத்தால் வாட்ஸ்அப்பில் “எல்லாம் ஓகேவா?” என்று ஒரு செய்தி போட்டு, கட்டத்தில் டிக் அடித்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

முறிவுக் காரணம் என்ற கட்டத்தில் “தனிப்பட்ட காரணங்கள்” என்று மட்டும் வந்தால் திருப்பி அனுப்புங்கள். வேலை மாறினார், ஊர் மாறினார், மாணவரின் செல்பேசிக்கு ரீசார்ஜ் இல்லை, பெண்ணின் கையிலிருந்து போனை வீட்டில் வாங்கிவிட்டார்கள், பேச ஒரு பொதுமொழி இல்லை என்று பிரித்து எழுதியிருந்தால்தான் குழுவால் முடிவெடுக்க முடியும். ரீசார்ஜ் என்றால் பட்ஜெட்டில் ஒரு வரி சேர்த்தால் தீரும். மொழி என்றால் ஆள் சேர்ப்பையே மாற்ற வேண்டும்.

பருவமும் கணக்கில் வர வேண்டும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பள்ளி ஜூனில் திறக்கிறது, வட மாநிலங்கள் பலவற்றில் ஏப்ரலில். நாடு முழுக்க ஒரே தொடக்க தேதி என்று குழு முடிவெடுத்தால் பாதி மாநிலங்களில் இணை பிறந்த மாதத்திலேயே தேர்வோ விடுமுறையோ வந்து அறுந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் புதிதாக இணை சேர்க்க அனுமதிக்காதீர்கள்.

பிள்ளைப் பாதுகாப்பு

இது நிர்வாகத்திடம் விட்டுவிடும் வேலை அல்ல. இயக்குநர்களில் ஒருவரைப் பாதுகாப்புப் பொறுப்பாளராகப் பெயர் சொல்லி நியமியுங்கள், சி.இ.ஓ.வைத் தாண்டி எவரும் நேரடியாக அவரை அழைக்கலாம் என்று எல்லா மையங்களிலும் எழுதி ஒட்டுங்கள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குட்பட்ட எவரும் குழந்தைதான். குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் எழுந்தாலும் காவல் துறைக்கோ சிறார் சிறப்புப் பிரிவுக்கோ தகவல் தந்தாக வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. தராவிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம். தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால், 21ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. 2020ஆம் ஆண்டின் விதிகளோ, குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் பணியாளர்களுக்குப் போலீஸ் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் அவ்வப்போது செய்யச் சொல்கின்றன. “அவ்வப்போது” என்பதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று குழுவே தீர்மானமாக எழுதிவிடுங்கள்.

புகார் வந்த நாளில் பெரும்பாலும் தவறு நடப்பது இங்கே: “முதல்ல நாம விசாரிப்போம், உண்மையான்னு பார்ப்போம்” என்று மூன்று பேர் கொண்ட குழு போடுவார்கள். அந்த மூவரும் பிள்ளையிடம் ஆளுக்கொருமுறை கேட்பார்கள். பத்து நாள் போய்விடும். பிள்ளையின் வாக்குமூலமும் கெடும், தகவல் தரத் தவறிய குற்றமும் சேரும். செய்ய வேண்டியது வேறு. தகவல் வந்த அன்றே வழிகாட்டியின் தொடர்பு எல்லா வழிகளிலும் நிறுத்தப்படும். பிள்ளை சொன்னதை முதலில் கேட்டவர், அவர் வார்த்தையிலேயே, தேதி நேரத்தோடு ஒரு பக்கம் எழுதுவார். மறுபடி யாரும் கேட்கமாட்டார்கள். பாதுகாப்புப் பொறுப்பாளரும் சி.இ.ஓ.வும் சேர்ந்து காவல் துறைக்குத் தகவல் தருவார்கள், உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. பெற்றோரிடம் பேசுவது, அவர்களே சந்தேகத்துக்குரியவர்களாக இல்லாதபட்சத்தில். தலைவருக்கு அன்றே தெரியும்; மற்ற இயக்குநர்களுக்குப் பெயரில்லாமல் இரண்டு வரி. குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தையும் கூடாது. பெயர் கசிந்தால் அது தனிக் குற்றம்.

இந்த நடைமுறையை ஆண்டுக்கு ஒருமுறை கூட்டத்திலேயே ஒத்திகை பாருங்கள். “வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணி, ஒருங்கிணைப்பாளருக்கு மாணவியிடமிருந்து இப்படியொரு செய்தி வருகிறது, இப்போது யார் யாரை அழைப்பது?” என்று கேட்டு அரைமணி நேரம் ஓட்டினாலே எந்த எண் பழையது, யாருக்கு எது தெரியாது என்பது வெளிவந்துவிடும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு வேண்டும். ஊதியமில்லாத் தன்னார்வலரும் அந்தச் சட்டத்தில் ஊழியரே என்பதைப் பல குழுக்கள் கவனிப்பதில்லை. மாணவர் விவரங்களுக்கு 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. சேர்க்கைப் படிவம் மாணவரின் கையெழுத்தோடு மட்டும் நின்றால் மாற்றுங்கள், புகைப்பட அனுமதியைத் தனிக் கட்டமாகப் பிரியுங்கள்.

“ஐந்நூறு ஊழியர்கள், மூன்று மாதம்”

ஆண்டுக்கு ஒருமுறையாவது வரும் கோரிக்கை இது. ஒரு நிறுவனம் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதியோடு தன் ஊழியர்களையும் வழிகாட்டிகளாக அனுப்ப முன்வரும், காலாண்டு முடிவில் அறிக்கை வேண்டும் என்ற நிபந்தனையோடு. நிதிப் பொறுப்பாளரின் முகம் மலரும். மேலே சொன்ன 2002 ஆய்வை நினைவில் வையுங்கள்: மூன்று மாத இணை பிள்ளைக்கு நட்டம்.

மறுப்பதற்கு முன் மாற்று ஒன்று கொடுங்கள். பணித்தள வருகை, மாதிரி நேர்காணல், விண்ணப்பம் எழுதும் பயிற்சி, ஒருநாள் தொழில் அறிமுகம் இவற்றுக்கு ஐந்நூறு பேரும் உதவலாம். அதை வழிகாட்டல் என்று எங்கேயும் எழுதாமல் இருந்தால் சரி. ஓராண்டு வரத் தயாராக உள்ள நாற்பது பேரை மட்டும் அந்த ஐந்நூறிலிருந்து தேர்ந்தெடுங்கள். “பன்னிரண்டு மாத உறுதி இல்லாமல் இணை தொடங்குவதில்லை” என்பது குழுத் தீர்மானமாக முன்பே பதிவாகியிருந்தால், சி.இ.ஓ. தனியாக நின்று கொடையாளரிடம் மறுக்க வேண்டியதில்லை.

பணம்

நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது, இணை ஜூனில் தொடங்குகிறது. மானியம் புதுப்பிக்கப்படாவிட்டால் ஒன்பதாவது, பத்தாவது மாதத்தில் ஒருங்கிணைப்பாளர் வேலையிழக்கிறார்; அவர் கையிலிருந்த எண்பது இணைகளும் தளர்கின்றன. ஆகவே ஒரு விதி வையுங்கள்: இணை ஓராண்டு முடியும்வரை ஒருங்கிணைப்பாளருக்குச் சம்பளம் கொடுக்கக் கையில் பணமோ கையெழுத்தான ஒப்பந்தமோ இருந்தால்தான் புது இணை தொடங்கலாம். நிபந்தனையில்லாத கையிருப்பு ஆறு மாதச் செலவுக்கு.

12ஏ, 80ஜி என்று வழக்கத்தில் சொல்லும் வருமான வரிப் பதிவுகள், எஃப்.சி.ஆர்.ஏ. எல்லாவற்றின் காலாவதித் தேதியும் ஒரே தாளில் ஒவ்வொரு கூட்டத்திலும் வரட்டும். எஃப்.சி.ஆர்.ஏ. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. தேசிய அமைப்பு டெல்லியில் பணம் வாங்கி, மாநிலக் கூட்டாளி அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பழைய ஏற்பாடு இதனால் முடிந்தது. அந்தந்த மாநில ஊழியர்களை நேரடியாக நீங்களே வேலைக்கு வைக்க வேண்டும்.

நிறுவனர்

நிறுவனரே சி.இ.ஓ.வாகவும் தலைவராகவும் இருப்பது முதல் ஐந்து ஆண்டுக்கு ஓடும். பிறகு தலைவர் பதவியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். தன் வேலையைத் தானே மதிப்பிடும் கூட்டத்தில் உண்மை வெளிவராது. சி.இ.ஓ.வின் சம்பளம் அவர் அறையில் இல்லாதபோது முடிவாக வேண்டும், ஒப்பீட்டுக்கு எந்த அமைப்புகளைப் பார்த்தோம் என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுத வேண்டும். நிதியாண்டின் முதல் கூட்டத்தில் எல்லா இயக்குநர்களிடமும் எம்.பி.பி.-1 படிவத்தில் அவரவர் நலன்கள் பற்றிய அறிவிப்பை வாங்குங்கள். மைத்துனரின் அச்சகத்தில் கையேடு அடிப்பது அங்கேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு கூட்டத்தின் கடைசிப் பதினைந்து நிமிடமும் ஊழியர் எவரும் இல்லாமல் நடக்கட்டும். வழக்கமாக நடந்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். பிரச்சினை வந்தபின் திடீரென்று வைத்தால்தான் சி.இ.ஓ.வுக்குப் பதற்றம்.

மாநிலப் பொறுப்பாளரிடம் இயக்குநர் நேரடியாக வேலை சொல்லக் கூடாது. கேட்கலாம், பார்க்கலாம். “அந்தப் பள்ளியிலயும் தொடங்கிடுங்களேன்” என்று களப்பயணத்தில் சொல்லிவிட்டு வரும் ஒரு இயக்குநரால் ஒரு ஆண்டுத் திட்டமே குலைந்துவிடும், அந்த ஊழியரால் மறுக்கவும் முடியாது.

விலகுபவர்

பதவிக்காலம் முடிந்தோ இடையிலோ இயக்குநர் விலகினால் முப்பது நாளுக்குள் கம்பெனிப் பதிவாளருக்கு டி.ஐ.ஆர்.-12 படிவம் போக வேண்டும். வங்கிக் கையெழுத்து, எஃப்.சி.ஆர்.ஏ. பதிவில் உள்ள முக்கிய நிர்வாகிகள் பட்டியல், தொண்டு நிறுவனங்களுக்கான அரசின் தர்பண் இணையதளம், வருமான வரிக் கணக்கில் உள்ள பொறுப்பாளர் பெயர் நான்கையும் அதே வாரத்தில் மாற்றத் தொடங்குங்கள். பெயரை மாற்றிவிட்டு செல்பேசி எண்ணை விட்டுவிடுவதுதான் வழக்கமான சறுக்கல்: ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு படிவத்துக்கு ஓ.டி.பி. விலகியவரின் போனுக்குப் போகும், அவர் சிங்கப்பூரில் இருப்பார், கடைசி நாள் நாளை. எந்தத் தளத்தில் யாருடைய எண், யாருடைய டிஜிட்டல் கையொப்பம், எப்போது காலாவதி என்று கம்பெனிச் செயலரோ கணக்காளரோ ஒரு பட்டியல் வைத்திருக்கட்டும். விலகல் கடிதத்தை ஏற்கும் தீர்மானத்தோடு அந்தப் பட்டியலை இணையுங்கள்.